பழைய ஆட்டம், புதிய கணினி

1990களில் பெண்ணாடத்தில் எங்கள் தெருவுக்கே ஒரு வீடியோ கேம்தான். கேசட் ஓடாவிட்டால் ஊதிச் செருகுவோம். அத்தகைய பெட்டிகள் பலவும் நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' கருவியின் நகல்கள். பெட்டி பழுதானாலும், அந்த ஆட்டங்களை இன்றைய கணினியில் 'எமுலேட்டர்' என்னும் மென்பொருள் ஓட்டுகிறது. எப்படி? மாணவர்களே செய்து பார்க்கட்டும்.

செயல்பாடு: மூவரை அழையுங்கள். முதலாமவர் 'கேசட்': எண் அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார். இரண்டாமவர் 'எமுலேட்டர்': பட்டியலைப் பார்த்து, "1 என்றால் ஓரடி முன்னே" எனச் சொல்வார். மூன்றாமவர் 'கணினி': அதன்படி நடப்பார்.

உற்றுநோக்குக: இடையில் ஒருவர் பொருள் சொல்வதால் நேரம் கூடுகிறது. ஆகவே கணினி, பழைய கருவியைவிடப் பல மடங்கு வேகமாக இருக்க வேண்டும். அன்றைய செயலியின் வேகம் சுமார் 1.8 மெகாஹெர்ட்ஸ், அதனால் எளிது. இன்றைய கருவிகளுக்கு அது கடினம்.

இப்போது பட்டியலில் இல்லாத எண்ணைக் காட்டுங்கள். ஆட்டம் நின்றுவிடும். இணையச் சேவையகத்தை நம்பிய ஆட்டங்களுக்கு, சேவையகம் மூடப்பட்டால் இதே நிலைதான்.

விவாதிக்க: ஆட்டங்களுக்குப் பதிப்புரிமை உண்டு; அனுமதியின்றி நகலெடுப்பது தவறு. அப்படியானால், விற்பனை நின்றுபோன ஆட்டத்தை யார் காப்பது?