கத்திரி வெயிலில் பிள்ளைகளும் தோட்டமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பள்ளி விடுமுறையும் கத்திரி வெயிலும் சேர்ந்தே வரும். பிள்ளைகள் செல்போனோடு வீட்டுக்குள் முடங்காமலிருக்க:

1. காலை 8 மணிக்குள், மாலை 5-க்கு மேல் மட்டும் தோட்டத்துக்கு அனுப்புங்கள். நடுப்பகலில் மண் சுடும்.

2. ஆளுக்கொரு பாத்தி பிரித்து, சீனியவரை விதை ஊன்றச் சொல்லுங்கள். வறட்சி தாங்கும் செடி. ஒரு வாரத்துக்குள் கரிசல் மண்ணைத் தள்ளிக்கொண்டு இரண்டு இலை தலைகாட்டும். அதைப் பார்த்த பிள்ளை மறுநாள் எழுப்பாமலே எழுந்து ஓடும். களையோடு ஒரு செடியைப் பிடுங்கிவிட்டாலும் திட்டாதீர்கள், ஆசை போய்விடும்.

3. அரிசி களைந்த தண்ணீரைச் சொம்பில் கொடுத்து ஊற்றவிடுங்கள். நல்ல தண்ணீர் மிச்சமாகும்.

4. வேப்பமர நிழலில் குருவிகளுக்கு மண்சட்டியில் தண்ணீர் வைக்கட்டும். தினமும் மாற்றுங்கள், கொசு சேராது.

5. செருப்பு கட்டாயம். கரிசல் வெடிப்பில் தேள் இருக்கும்.