சிறு கொட்டிலும் அலுமினியப் படகும்

அமெரிக்க நாட்டில் ஏரிகள் மலிந்த பகுதிகளில் வாழ்வோர் பலர், மீன் பிடித்தற்கெனச் சிறிய அலுமினியப் படகொன்றை வைத்திருப்பர். படகு வாங்குதல் எளிது. மழையும் பனியும் தாக்காவண்ணம் அதனை வைத்தற்கு இடங்காண்டலே அரிது. 14 அடிப் படகு, தன்னை ஏற்றிச் செல்லும் இழுவண்டியின்மேல் இருக்குங்கால், முன்னே நீண்ட ஏர்க்காலையும் பின்னே தொங்கும் மோட்டாரையும் கூட்டி 17 அடியாகிவிடும். கார் நிறுத்தும் கொட்டிலின் உள்நீளம் 16 அடியே எனின் என் செய்வது? இவ்வொரு வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

யாவர்க்கும் முதலில் தோன்றுவது, சற்றே சாய்த்து வைத்தால் அடங்கிவிடும் என்பது. கணக்கோ வேறு கூறுகின்றது. பின்புறம் 5 அடி அகலமுள்ள வண்டியைச் சிறிது சாய்த்தால், பின்மூலை ஒன்று வெளியே நீண்டு, வேண்டும் நீளம் குறைவதற்கு மாறாகக் கூடுகின்றது. ஏறக்குறைய 17 பாகை சாய்த்த பின்னரே ஆதாயம் தொடங்கும். 30 பாகையில் 16 அடிக்குள் ஒருவாறு அடங்கும். ஆயின் அப்பொழுது 10¾ அடி அகலம் வேண்டும். காருக்கு இடம் ஏது?

ஆகலின் குறைக்கத்தக்கது படகன்று, ஏர்க்காலே என்பது என் துணிபு. இரும்பு ஏர்க்காலை இடையே அறுத்து, வண்டியின் பாரத்தைத் தாங்கவல்ல கீல் ஒன்றைப் பொருத்தினால், முளையைக் கழற்றியதும் அது பக்கவாட்டில் மடங்கும். 2 அடி மிச்சமாகும். சிறு மோட்டாரின் திருகுகளைத் தளர்த்திச் சுவரோரம் தாங்கியில் மாட்டினால் இன்னும் சிறிது இடம் கிடைக்கும். இவ்வளவில் நின்றோர் நல்லறிவினர்.

சிலரோ படகினுள் கைவைக்கின்றனர். குறுக்கிருக்கைகளைக் கழற்றிவிட்டால், பொருள்களை அடுக்கலாம், படகைக் கவிழ்த்துச் சுவரில் சாய்க்கலாம் என எண்ணுகின்றனர். இதுவே பெரும்பிழை. இருக்கை வெறும் ஆசனமன்று. இரு பக்கத் தகடுகளும் அகன்று போகாவண்ணம் பற்றி நிற்கும் உத்தரமும் அதுவே. அன்றியும் அதனடியில் மிதவை நுரை அடைக்கப்பட்டுள்ளது. அலுமினியம் நீரினும் 2.7 மடங்கு கனமுடையது. 200 பவுண்டுப் படகு நீரில் மூழ்கினாலும் 126 பவுண்டு கீழிழுக்கும். கன அடி ஒன்றுக்கு நீர் 62.4 பவுண்டாதலின், 2 பவுண்டு நிறையுள்ள ஒரு கன அடி நுரை 60 பவுண்டளவே தூக்கும். எனவே வெறும் படகுக்கே 2 கன அடிக்கு மேல் வேண்டும். மோட்டாருக்கும் மாந்தருக்கும் வேண்டுவது வேறு. நுரையை எறிந்தவர், நீர் புகுந்த அன்று பற்றிக்கொள்ள எதுவுமின்றி நிற்பர். இடம் வேண்டி இருக்கையை நீக்குவோர், அந்நுரைக்கும் அந்த உத்தரத்துக்கும் வேறிடம் கண்ட பின்னரே நீக்குக.

இனி, படகையே இரண்டாக்கும் முறை. இது புதுமையன்று. நம் கட்டுமரம் என்னும் பெயரே, கட்டியதை அவிழ்க்கலாம் எனக் காட்டுகின்றது. கரைசேர்ந்தபின் மரங்களைப் பிரித்து உலர்த்துதல் நெய்தல் நில வழக்கு. 1874-இல் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட ஸ்டான்லி என்பார், 'லேடி ஆலிஸ்' என்னும் 40 அடி மரப்படகை, 8 அடிக் கூறுகள் ஐந்தாகச் சமைத்துத் தோள்களில் சுமப்பித்துச் சென்றார்.

அலுமினியப் படகில் செய்முறை யாதெனின், அறுக்குமுன்னரே, அறுக்கும் கோட்டுக்கு இருபுறமும் நெருக்கமாக இரண்டு தடுப்புச் சுவர்களை அமைத்தல் வேண்டும். பின்னர் அவற்றின் இடைவெளியில் அறுத்தால் இரு பகுதிகளும் உருக்கெடாமலும் நீர் புகாமலும் நிற்கும். முன்பகுதியைச் சற்றுக் குட்டையாக வைத்தால் பின்பகுதிக்குள் அடக்கலாம். இரண்டையும் இணைக்கும் திருகாணிகள் மேல்விளிம்பில் மட்டும் போதா. இருவர் இரு முனைகளில் அமர்ந்தால் மேலிணைப்பு இழுபடும்; இரு முனைகளையும் அலை தூக்கி நடுவில் பாரம் அமர்ந்தால் கீழிணைப்பு இழுபடும். இரண்டிடத்தும் பிணிப்பு வேண்டும் என்க.

தடுப்புச் சுவரைப் பற்றவைத்தலினும் தறையாணி அடித்தலே சாமானியர்க்கு ஏற்றது. இத்தகடு உருளைகளிடையே அழுத்தப்பட்டு உரமேறியது. பற்றவைக்கும் வெம்மை அவ்விடத்து உரத்தைக் கெடுத்து மென்மையாக்கும். திருகாணிக்குத் துருவேறா எஃகு கொள்வோர், இடையே நைலான் வளையம் இடுக. உப்புநீரில் அவ்விரு உலோகங்களும் தொட்டிருப்பின் அலுமினியமே அரிக்கப்படும். செம்புச் சேர்மம் ஊட்டிய மரப்பலகையையும் அருகே அணுகவிடலாகாது. கறையான் தின்னாத பலகை என்று மகிழ்ந்து பொருத்தியோர் படகைத் துளைபடக் கண்டதுண்டு.

வேலை முடிந்தபின், இடுப்பளவு நீரில் படகை வேண்டுமென்றே நீரால் நிரப்பி, அது மிதக்கின்றதா எனக் கண்ட பின்னரே ஆழத்துக்குச் செல்க.