ஏகாதிபத்தியம் நம் ஊருக்கு வந்த கதை

"ஐரோப்பிய ஏகாதிபத்தியம் பரவியதற்கான காரணங்களை விளக்குக." உயர்நிலைப் பள்ளியில் வரலாறு படித்த எவருக்கும் பழக்கமான வினா இது. தொழிற்புரட்சி, மூலப்பொருள் தேவை, சந்தைத் தேவை, உபரி மூலதனம், நாடுகளுக்கிடையே போட்டி என ஐந்து விடைகளை நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்து விடுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைத்து விடுகிறது. ஆனால் அந்த ஐந்தும் அரங்கேறிய இடங்களுள் ஒன்று தாங்கள் வாழும் இந்த மாநகரமே என்பதைப் பலர் அறிவதில்லை.

சோழரும்தானே கடல் கடந்து படை நடத்தினர், அதுவும் இதுவும் ஒன்றா எனச் சிலர் கேட்பதுண்டு. இராஜேந்திர சோழன் 1025ல் ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்து வென்றான். ஆனால் கடாரத்து மக்கள் எதை விளைவிக்க வேண்டும், எவரிடம் துணி வாங்க வேண்டும் என்று சோழ நாட்டிலிருந்து ஆணை போனதற்குச் சான்றில்லை. பிற்கால ஐரோப்பியர் செய்தது அந்த வேலையைத்தான்.

பம்பாய்த் தீவுகளை ஐரோப்பியர் போரிட்டுப் பெறவில்லை. ஹுமாயூனின் படையெடுப்புக்கு அஞ்சிய குஜராத் சுல்தான் பகதூர் ஷா, போர்த்துகீசியரின் துணையை நாடி 1534ல் வசையையும் இத்தீவுகளையும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். 1661ல் போர்த்துகீசிய இளவரசி கேதரின், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸை மணக்க ஏற்பாடானபோது பம்பாய் சீதனமாயிற்று! மன்னருக்கு இதனால் வருமானத்தைவிடச் செலவே மிகுதி. 1668ல் ஆண்டுக்கு 10 பவுண்டு குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தள்ளிவிட்டார். நாம் வசிக்கும் தேவ்நார் அந்த ஏழு தீவுகளில் சேர்ந்ததன்று.

கம்பெனி இங்கு வந்தது நம் துணியை வாங்க. சோழமண்டலக் கரையிலும் அதே நோக்கம்தான். தரங்கம்பாடியில் டேனியர் 1620லும், சென்னையில் ஆங்கிலேயர் 1639லும் இடம் பிடித்ததற்கு நம் நெசவாளரின் கைத்திறனே பெருங்காரணம். இந்தியத் துணி இங்கிலாந்தில் அவ்வளவு விற்றதால் அந்நாட்டு நெசவாளர் கொதித்தெழுந்தனர். 1721ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே அங்கு சட்டம் போட்டுத் தடுத்தார்கள். போட்டியில் வெல்ல முடியாதபோது சட்டத்தை மாற்றுவது என்னும் இந்த வழக்கத்தை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்; பின்னால் மறுபடியும் வரும்.

பின்னர் நூற்பு இயந்திரமும் நீராவியும் வந்தன. லங்காஷயர் ஆலைகளில் துணி மலைபோல் குவிந்தது. அதற்குப் பஞ்சு வேண்டும், துணியை வாங்க ஆளும் வேண்டும். இரண்டும் இந்தியாவில் இருந்தன. 1818ல் பேஷ்வாவின் ஆட்சி வீழ்ந்ததும் தக்காணத்தின் பருத்தி நிலங்கள் திறந்துவிட்டன. பஞ்சைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர ரயில் தேவைப்பட்டது.

1853 ஏப்ரல் 16ல் போரிபந்தரிலிருந்து தானேக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியதைப் பெருமையோடு சொல்கிறோம். அதற்குப் பணம் வந்த விதத்தை யாரும் சொல்வதில்லை. பங்கு வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆங்கிலேயர். அவர்கள் முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி உறுதி. லாபம் குறைந்தால் மீதியை அரசு கொடுக்கும். அரசுக்கு ஏது பணம்? இந்தியக் குடியானவன் கட்டிய வரிதான். லாபம் வந்தால் அவர்களுக்கு, நஷ்டம் வந்தால் நமக்கு. "உபரி மூலதனம்" என்று பாடநூல் ஒரே சொல்லில் முடிப்பதன் உட்பொருள் இதுவே.

1861ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு அந்நாட்டுப் பஞ்சு நின்றதும் பம்பாயில் பஞ்சு விலை தாறுமாறாக ஏறியது. வியாபாரிகள் கோடிகளில் புரண்டார்கள். 1865ல் போர் முடிந்தது. விலை சரிந்து பம்பாயில் வங்கிகளும் கம்பெனிகளும் திவாலாயின. எங்கோ நடந்த போரில் இங்கு வாழ்வும் தாழ்வும் தீர்மானமான காலம் அது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பிணைப்பு இன்னும் இறுகிற்று.

இதற்கிடையே நம்மவரும் ஆலை கட்டினார்கள். கவாஸ்ஜி தாவர் 1854ல் தொடங்கிய நூற்பாலையைத் தொடர்ந்து பல எழும்பின. லங்காஷயர் முதலாளிகளுக்கு இது பொறுக்கவில்லை. 1896ல் இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீத வரி விதித்தபோது, இந்திய ஆலைத் துணி மீதும் அதே மூன்றரை சதவீத உற்பத்தி வரியைப் போட்டார்கள். நம் நாட்டில் நெய்த துணியை நம்மிடமே விற்க வரி! அது விலகுவதற்கு 1925ஆம் ஆண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உலகின் பிற பாகங்களிலும் இதே கதைதான். 1884-85ல் பெர்லினில் கூடிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவைப் பங்கிட விதி வகுத்தன. அம்மாநாட்டில் ஆப்பிரிக்கர் ஒருவரும் இல்லை. 1914க்குள் எத்தியோப்பியா, லைபீரியா தவிர ஏறக்குறைய கண்டம் முழுவதும் அவர்கள் கையில். தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது நம் மக்கள்தாம் கப்பலேறினார்கள். 1860ல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனார்கள்; இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் போனவர்கள் எத்தனையோ.

போட்டியில் தோற்றால் சட்டத்தைத் தூக்குவது என்ற வழக்கத்தைச் சொன்னேன் அல்லவா? அதை நேரில் அனுபவித்தவர் நம் வ.உ. சிதம்பரம் பிள்ளை. தூத்துக்குடி - கொழும்புக் கடல் வணிகம் பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் பிடியில் இருந்தது. 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, கப்பல் தேடி இதே பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். சிறு வியாபாரியும் வாங்கலாம். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்றுகூடச் சொல்வார்கள். அப்படியும் மக்கள் சுதேசிக் கப்பலை நாடவே, 1908 மார்ச்சில் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி அவரைக் கைது செய்தனர். இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. முந்தின ஆண்டே அதைக் கலைத்திருந்தார்கள்.