தறிக்கூடத்தின் கூரையும் கல்நார்த் தூசியும்

ராச்டேல் என்னும் பெயர் கூட்டுறவாளர் எவருக்கும் புதியதன்று. இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள அந்நெசவு நகரத்தில், 1844ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள், நெசவாளர் முதலிய 28 பேர் பங்கு சேர்த்து அமைத்த சிறு கடை திறக்கப்பட்டது. கலப்படமற்ற பண்டமும் சரியான நிறையும் அவர்கள் கைக்கொண்ட நெறிகள். அதே ஊர் மற்றொரு செய்திக்கும் உரியது. அது நம் தறிக்கூடங்களின் கூரையோடு தொடர்புடையதாதலின், அதனையும் நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

கல்நார் என்பது பாறையிலிருந்து கிடைக்கும் பொருள், ஆயினும் பஞ்சைப்போல் இழை இழையாகப் பிரியும், தீயில் எரியாது. ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் வழங்குவது இதனையே. ராச்டேலில் இதனை நூலாக நூற்றுத் துணியாக நெய்யும் ஆலை ஒன்று இருந்தது. அங்கு நூற்பு வேலை செய்த நெல்லி கெர்ஷா என்னும் பெண்மணி மூச்சுத் திணறலால் நலிந்து, 1924இல் தம் 33ஆம் வயதில் காலமானார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் குக், அதில் தூசித் துகள்கள் பதிந்திருக்கக் கண்டு அவ்வாண்டே மருத்துவ இதழில் எழுதினார். 1931இல் பிரிட்டிஷ் அரசு கல்நார் ஆலைகளின் தூசியைக் கட்டுப்படுத்த விதிகள் வகுத்தது. 1960இல் வாக்னர் முதலிய மருத்துவர்கள் தென்னாப்பிரிக்காவில் செய்த ஆய்வு, நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் கொடிய புற்றுநோய்க்குக் கல்நாரோடுள்ள தொடர்பைக் காட்டியது. சுரங்கத்தில் இறங்காமல், அதன் அருகே வாழ்ந்ததனாலேயே அந்நோய்க்கு ஆளானோரும் அவர்களுள் இருந்தனர்.

தீங்கு விளையும் வகை

நாம் கூரையிடும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் பெரும்பங்கு சிமெண்டு. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கல்நார். தகடு முழுமையாக இருக்கும்வரை சிமெண்டு அவ்விழைகளைப் பற்றி நிற்கும். அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடையும்போதும், மழையிலும் வெயிலிலும் மேற்பரப்பு தேயும்போதும் இழைகள் காற்றில் கலக்கின்றன. அவை தலைமயிரைவிடப் பன்மடங்கு நுண்ணியவை, கண்ணுக்குப் புலப்படா. மூச்சோடு உட்சென்று நுரையீரலில் தங்கியவற்றை உடம்பு எளிதில் கரைத்து வெளியேற்ற இயலாது. நோய் தலைகாட்டப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகலாம். இதனாலன்றோ, 1995இல் நம் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேடுகளை 40 ஆண்டுகள்வரை காத்து வைக்கப் பணித்தது!

கூரைத் தகட்டிலுள்ள வெண் கல்நார் தீங்கற்றது என்பாரும் உளர். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைப்பதே என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. பிரிட்டன் 1999இல் வெண் கல்நாரையும் தடை செய்தது. ஆஸ்திரேலியா 2003ஆம் ஆண்டின் இறுதியில் எல்லா வகைகளையும் விலக்கியது. நம் நாட்டிலோ அத்தகடு இன்றும் விற்பனையில் உள்ளது. ஆகவே நம்மைக் காக்கும் பொறுப்பு பெரிதும் நம்மையே சார்ந்தது.

பழைய கூரை உள்ளவர்கள் செய்யத்தக்கவை

இதனைப் படித்தவுடன் கூரையைப் பிரித்தெறிய வேண்டா. உடையாத தகட்டைவிட, அவசரத்தில் உடைத்து இறக்கும் தகடே மிகுந்த தூசியை எழுப்பும்.

1. தகட்டில் துளையிட்டு விளக்கும் விசிறியும் தொங்கவிடலாகாது. அவற்றைச் சட்டத்திலோ உத்தரத்திலோ மாட்டுக.

2. பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்கலாகாது. உதிர்ந்த துகளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், நீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அத்துணியையும் கழிவோடு சேர்த்துக் கட்டிவிடுக.

3. தகட்டின்மேல் நேராகக் கால் வைக்கலாகாது. அது திடீரென உடைந்து ஆள் கீழே விழ நேரும்.

4. மாற்ற நேர்ந்தால் நீர் தெளித்து நனைத்து, ஆணி திருகுகளைக் கழற்றி, முழுத் தகடாக இறக்குக. மின் அறுவைக் கருவி கூடாது. மூக்கில் துண்டு கட்டுவது போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகமூடியே வேண்டும்.

5. வேலை செய்த உடையை வீட்டில் உதறலாகாது. அத்தகைய உடையைத் துவைத்த மனைவியரும் நோயுற்றதுண்டு.

6. உடைந்த துண்டுகளைப் பாதையில் பரப்புவதும், அடுப்பு மறைப்பாக வைப்பதும், மாட்டுக் கொட்டிலில் பயன்படுத்துவதும் தீது. கெட்டியான பிளாஸ்டிக் தாளில் இருமுறை சுற்றிக் கட்டி, உள்ளாட்சி அலுவலகத்தாரிடம் கேட்டு அவர் காட்டும் இடத்தில் சேர்க்க.

புதிய கூரைக்கு எது தக்கது?

சீமை ஓடு என்று நாம் வழங்கும் மங்களூர் ஓட்டின் ஆலையை 1865இல் பேசல் மிஷனார் மங்களூரில் நிறுவினர். ஓர் ஓடு உடைந்தால் அதனை மட்டும் மாற்றலாம். பிரித்த வீட்டின் நல்ல ஓட்டை மீண்டும் மேயலாம். மறுமுறை மேயும் ஒவ்வோர் ஓடும் சூளை விறகை மிச்சமாக்குகிறது. தகட்டுக் கூரையின் கீழ் நண்பகலில் பாவு இழை உலர்ந்து அறுவதை நெசவாளர் அறிவர்; ஓட்டின்கீழ் அவ்வெப்பம் குறைவு. ஓட்டின் நிறை தாங்கும் சட்டமும், நீர் வடியும் சரிவும் இருத்தல் அவசியம்.

தளம் போட விரும்புவோர்க்குக் கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய முறை உண்டு. தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைக் கம்பியே தாங்குவதால், கம்பிகளுக்கிடையே பழைய ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டைக் குறைப்பர். இது பொறியாளர் கணக்கிட்டே செய்யத்தக்கது. கல்நார் கலவாத சிமெண்டுத் தகடும் கடைகளில் உண்டு. அதனை அறுக்கும் தூசியும் நெஞ்சுக்கு ஆகாதாகையால் நனைத்தே அறுக்க வேண்டும்.

தறிக்கூடமோ விளைபொருட் கிடங்கோ கட்டத் தீர்மானிக்கும் சங்கங்கள், ஒப்பந்தப் பத்திரத்தில் “கூரைப் பொருள் கல்நார் கலவாததாக இருத்தல் வேண்டும்” என்னும் ஒரு வரியைச் சேர்க்குமாறு வேண்டுகிறோம். விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது தகட்டின் இன்றைய விலையோடு நின்றுவிடாமல், நாளை அதனை இறக்கிப் புதைக்கும் செலவையும் கூட்டிப் பார்த்தல் முறை. கலப்படமற்ற பண்டத்தைத் தம் கடைக்கு நெறியாக வகுத்தவர் ராச்டேல் நெசவாளர். அந்நெறியை நம் கூரைக்கும் உரியதாக்குவோம்.