3 மணி அலாரம் யார் போனில்?

பின்னிரவு 3 மணி. செல்போன் வெளிச்சத்தில், தூங்கும் மகனின் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார் அம்மா. மீட்டரில் 62. பையனை உட்காரவைத்து, 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்கிறார். 104 வந்த பிறகுதான் தலை சாய்க்கிறார். ஐந்தரைக்கு பால்காரர் மணி அடிப்பார். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது.

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளின் வீடுகளில் இது வாரத்துக்குப் பல நாள் நடக்கும் கதை. இன்சுலின் அளவைச் சொல்லித்தர டாக்டர் இருக்கிறார். ஆனால் வீட்டில் இதைச் சுமப்பது பெரும்பாலும் ஒரே ஆள். அந்த ஆள் ஓய்ந்துபோனால், சிகிச்சையும் ஆட்டம் காணும்.

பழி வேண்டாம்

"கர்ப்பத்தில் என்னத்தச் சாப்பிட்டியோ", "யார் வழியில் வந்ததோ" என்ற பேச்சை முதலில் நிறுத்துங்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தவறுதலாக அழித்துவிடுவதால் வருவது டைப் 1. சாக்லேட் தின்றதால் வந்ததில்லை. தாயின் தவறும் இல்லை. யாராவது மூலிகை மருந்து சொன்னார்கள் என்று இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

"என்ன தின்னே?" என்று கேட்காதீர்கள்

சுகர் 280 என்றதும் நம் வாயில் வரும் முதல் கேள்வி இதுதான். காய்ச்சல், பரீட்சைப் பயம், பருவ வயது ஹார்மோன் என எதனாலும் சுகர் ஏறும். ஒவ்வொரு முறையும் விசாரணை நடந்தால், பிள்ளை பொய் சொல்லப் பழகும். ஒரு மாதக் கணக்கு முழுதும் ஒரே பேனாவில், 110, 120, 130 என்று அழகாக எழுதிய நோட்டுகள் டாக்டர்களுக்குப் புதிதில்லை. சுமார் 3 மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் குட்டு உடைந்துவிடும். அதற்குள் பொய்க் கணக்கை நம்பி ஊசி அளவும் மாறியிருக்கலாம். "280-ஆ? சரி, இப்போ என்ன பண்ணலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். நோட்டில் உண்மை வரும்.

இன்னொரு ஜோடிக் கை

அப்பா, பாட்டி, சித்தி என யாராவது ஒருவர் சுகர் பார்க்கவும் ஊசி போடவும் முழுமையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப்போங்கள். மூன்று விஷயங்களை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்:

- 70-க்குக் கீழே போனால் உடனே சர்க்கரை. 15 நிமிடத்தில் மறு பரிசோதனை. சிறு குழந்தைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள்.
- நினைவிழந்தாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சுகரை ஏற்றும் குளுக்ககான் ஊசி இருந்தால் போட்டுவிட்டு, உடனே 108.
- சுகர் ஏறியிருக்கும்போது வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

இதே தாளின் நகலை வகுப்பாசிரியருக்கும் பி.டி. ஆசிரியருக்கும் கொடுங்கள். பொதுத்தேர்வு எழுதும் டைப் 1 மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம் போன்றவற்றைத் தேர்வு மையத்துக்குக் கொண்டுபோக சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதித்துவிட்டது. பள்ளியில் தயங்காமல் பேசுங்கள்.

அடுத்த பிள்ளை

"அவனுக்குத்தான் எல்லாம்" என்று தங்கை முணுமுணுத்தால் அதட்டாதீர்கள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரமாவது, சுகர் பேச்சே இல்லாமல் அவளுக்கென்று ஒதுக்குங்கள்.

எப்போது உதவி தேவை?

அலாரம் இல்லாத இரவிலும் தூக்கம் வரவில்லை, காரணமின்றி அழுகை வருகிறது என்றால் டாக்டரிடம் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். பிள்ளை ஊசியைத் தவிர்த்தாலோ, வாழ்க்கையையே வெறுத்துப் பேசினாலோ அன்றைக்கே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

இன்று இரவுச் சாப்பாட்டின்போது ஒன்றை மட்டும் பேசி முடியுங்கள்: 3 மணி அலாரம் இன்றைக்கு யார் போனில்?