வெட்கப்படாமல் திரும்பி வாருங்கள்

செஸ்னா 172 விமானத்தின் இடது இறக்கைக்கு அடியில் பிட்டோ குழாய் என்று ஒன்று இருக்கிறது. எதிரே வந்து மோதும் காற்றின் அழுத்தத்தைக் கொண்டு விமானத்தின் வேகத்தை வேகமானியின் முள்ளுக்குச் சொல்வது அதுதான். பூச்சி கூடு கட்டாமலிருக்க, விமானம் நிற்கும்போது அதற்குச் சிவப்பு உறை மாட்டுவோம். அந்த உறையோடே ஓடுபாதைக்குப் போய்விடுகிறவர்களைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கும் பைலட்டுகளிடையே நான் அடிக்கடி பார்க்கிறேன். விமானம் ஓடும், முள் அசையாது. உடனே த்ராட்டிலைக் குறைத்து நின்றுவிட்டால் ஒரு கேடும் இல்லை. சிலர் நிற்பதில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவரும், பின்னால் காத்திருக்கும் விமானத்தில் இருப்பவரும் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் மேலே கிளம்பிவிடுகிறார்கள். பிறகு வேகம் தெரியாமலே தரையிறங்க வேண்டும். பயிற்றுநராக நான் அஞ்சுவது மறதியைவிட இந்தக் கூச்சத்துக்குத்தான்.

அப்படி மேலே போய்விட்டால், பதறாமல் கோபுரத்திடம் உண்மையைச் சொல்லுங்கள். வழக்கமாக இறங்கும்போது எஞ்சினை எந்த அளவில் வைப்பீர்களோ, மூக்கு எவ்வளவு தாழ்ந்திருக்குமோ, அப்படியே வைத்து இறங்குங்கள்.

சரியாகப் பூட்டாத கதவும் இதே வகைதான். சக்கரம் தரையை விட்டதும் படாரென்று திறந்துகொள்ளும். காற்று இரையும், வரைபடம் பறக்கும், பக்கத்தில் இருப்பவர் அலறுவார். ஆனால் செஸ்னா அப்படியே பறக்கும். எதிர்க்காற்று கதவைச் சில அங்குலத்துக்கு மேல் திறக்க விடாது. அதைச் சாத்தப் போய் வேகத்தைக் கோட்டைவிடுவதில்தான் உயிர் போகிறது. அதனால் போதிய உயரத்தில், நானே கதவைத் திறந்துவிட்டு மாணவரை ஓட்டச் சொல்வேன். பயம் அங்கேயே தெளிந்துவிடும்.

புறப்படுமுன் விமானத்தைச் சுற்றிப் பார்க்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தாலோ போன் அடித்தாலோ, விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், முதலிலிருந்து பாருங்கள். எரிபொருள் மூடி திருகாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். இறக்கையின் மேற்புறம் அழுத்தம் குறைவு. மூடியில்லாத தொட்டியிலிருந்து எரிபொருளைக் காற்று உறிஞ்சிவிடும். விமானத்தைத் தள்ளி நிறுத்த மூக்குச் சக்கரத்தில் மாட்டும் டோ பாரை, கையை எடுக்கும்போதே கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது ப்ரொப்பெல்லர் அதில் மோதினால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டிவரும்.

அனுபவசாலிகளுக்கும் தவறுகள் நேரும். 2017 பிப்ரவரியில் நடிகரும் பைலட்டுமான ஹாரிசன் ஃபோர்டு கலிஃபோர்னியாவின் ஜான் வேய்ன் விமான நிலையத்தில் ஓடுபாதையை விட்டுப் பக்கத்தில் விமானங்கள் ஊர்ந்து செல்லும் டாக்ஸிவேயில் இறங்கிவிட்டார். அங்கே நின்றிருந்த ஒரு போயிங் 737-க்கு மேலாகப் பறந்து வந்து இறங்கினார். பிறகு கோபுரத்தைத் தொலைபேசியில் அழைத்து ஒப்புக்கொண்டார். அவருக்குத் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. அந்த அழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்படி ஒப்புக்கொள்வதற்கென்றே அமெரிக்காவில் 1976 முதல் நாசா ஓர் ஏற்பாட்டை நடத்துகிறது. நடந்ததை எழுதி அனுப்பினால், எழுதியவர் யாரென்ற அடையாளத்தை நீக்கிவிடுவார்கள். தெரியாமல் செய்த விதிமீறலாக இருந்து, 10 நாட்களுக்குள் அனுப்பியிருந்தால், பெரும்பாலும் தண்டனையும் இராது. தேர்ந்தெடுத்த கடிதங்கள் ‘கால்பேக்’ என்ற மாத இதழில் வெளியாகின்றன. என் மாணவர்களிடம் அதைக் கொடுத்து, ஒவ்வொரு கடிதத்திலும் உள்ள தவறு நம் விமானத்தில் எந்த இடத்தில் நேரக்கூடும் என்று தொட்டுக் காட்டச் சொல்கிறேன்.