ஸ்டேட் ரிட்டர்னில்தான் உங்கள் சம்பளம் இருக்கிறது

அமெரிக்க டேக்ஸ் ப்ரிப்பரேஷன் வேலையில் இருக்கிறீர்களா? எடிசனிலோ டாலஸிலோ சொந்தமாக ஆபீஸ் போட்டிருக்கலாம். சென்னையில் ஒரு சிபிஏ ஃபர்முக்காக ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருக்கலாம். எங்கே இருந்தாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: ஃபெடரல் 1040 போடத் தெரிந்தவர்கள் ஏராளம். சாதாரண டபிள்யூ-2 ரிட்டர்னை சாஃப்ட்வேரே முடித்துவிடுகிறது. அங்கே ஃபீஸைக் குறைத்துத்தான் போட்டி போட முடியும். ஃபீஸ் ஏறுகிற இடங்கள் இரண்டு. ஒன்று, கிளையன்ட் குடியிருக்கும் ஸ்டேட்டைப் பொறுத்து மாறுகிற கணக்கு. இன்னொன்று, அவருடைய எஸ்எஸ்என் உங்கள் கையில் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பது. இந்த இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. டபிள்யூ-2-வைக் கீழேயிருந்து படியுங்கள்

எல்லோரும் பாக்ஸ் 1, பாக்ஸ் 2 என்று மேலே தொடங்குவார்கள். நீங்கள் பாக்ஸ் 15, 16, 17-ஐ முதலில் பாருங்கள். ஸ்டேட், ஸ்டேட் சம்பளம், ஸ்டேட்டுக்குப் பிடித்த டேக்ஸ் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன.

எடிசனில் குடியிருந்து மன்ஹாட்டனில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாக்ஸ் 15-இல் நியூயார்க், நியூஜெர்சி என்று இரண்டு வரி இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. “வீட்ல உட்கார்ந்து பார்த்த நாளுக்கும் நியூயார்க்குக்கு ஏன் கட்டணும்?” என்று நிச்சயம் கேட்பார். நியூயார்க்கின் விதிப்படி, கம்பெனியின் தேவைக்காக இல்லாமல் தன் வசதிக்காக வீட்டிலிருந்து பார்த்த நாட்களும் நியூயார்க் வேலை நாட்களாகவே எண்ணப்படும். இந்தப் பதிலைத் தடுமாறாமல் சொல்லத் தெரிய வேண்டும். பிறகு வரிசை முக்கியம். நான்-ரெசிடென்ட் ரிட்டர்னான நியூயார்க் ஐடி-203 முதலில். அதில் வந்த டேக்ஸை வைத்து நியூஜெர்சி ரிட்டர்னில் கிரெடிட். இதைத் தலைகீழாகப் போட்டால் கிரெடிட் தொகை தப்பாகும், ரிவியூவர் ஃபைலைத் திருப்பி அனுப்புவார், உங்கள் பெயர் அடிபடும்.

ஆனால் பென்சில்வேனியாவில் குடியிருந்து நியூஜெர்சியில் வேலை பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அந்த இரண்டு ஸ்டேட்டுகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறது. சம்பளத்துக்குக் குடியிருக்கும் ஸ்டேட்டில் மட்டும் டேக்ஸ். கம்பெனி தவறுதலாக நியூஜெர்சிக்குப் பிடித்திருந்தால், அங்கே ஃபைல் செய்து ரீஃபண்ட் வாங்கித் தரலாம். கிளையன்ட் அடுத்த வருடமும் உங்களிடம் வருவதற்கு அந்த ஒரு ரீஃபண்ட் போதும்.

2. நம்மூர் கிளையன்ட்டுகளின் கேள்விகளைக் கைவசம் வைத்திருங்கள்

தமிழ்க் கிளையன்ட்டுகளில் பலருக்கு ஊரில் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கும், அதன் வட்டியில் டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். ஃபெடரலில் ஃபார்ம் 1116 போட்டு கிரெடிட் எடுக்கலாம். கலிஃபோர்னியாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வெளிநாட்டில் கட்டிய டேக்ஸுக்கு அந்த ஸ்டேட் கிரெடிட் தருவதில்லை. சன்னிவேலில் இருக்கும் கிளையன்ட்டிடம் இதை ஜனவரியிலேயே சொல்லிவிடுங்கள். ஏப்ரலில் சொன்னால் நீங்கள் ஏதோ கோட்டை விட்டதாக நினைப்பார்.

எச்எஸ்ஏ-வும் அப்படித்தான். ஃபெடரலில் விலக்கு உண்டு. கலிஃபோர்னியாவும் நியூஜெர்சியும் அதை ஏற்பதில்லை. பென்சில்வேனியாவோ 401(கே)-வில் ஊழியர் போடும் பணத்துக்கும் டேக்ஸ் வாங்கிவிடுகிறது. அதனால் ஃபெடரல் சம்பளத்தைவிட ஸ்டேட் சம்பளம் அதிகமாகத் தெரியும். புதிதாக வந்தவர்கள் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தி வைப்பார்கள். அது சரியான எண்தான், தொடாதீர்கள்.

“சியாட்டில்ல ஸ்டேட் டேக்ஸே கிடையாது” என்று சொல்லும் டெக் ஊழியர் பெரிய அளவில் ஷேர் விற்றிருக்கிறாரா என்று கேளுங்கள். வரம்பைத் தாண்டிய லாங்-டெர்ம் லாபத்துக்கு வாஷிங்டன் ஸ்டேட் 2022 முதல் குறைந்தது 7 சதவீதம் டேக்ஸ் போடுகிறது.

3. அப்டேட்டை நீங்களே எழுதி வையுங்கள்

ஒவ்வொரு டிசம்பரிலும் நீங்கள் கையாளும் ஸ்டேட்டுகளுக்கு மட்டும் ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள். ஐம்பது ஸ்டேட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆறு ஸ்டேட்டை ஆழமாகத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம்.

ரேட் மாற்றங்களை எழுதுவது எளிது. ஜார்ஜியா 2024-இல் 5.39 சதவீதம், 2025-இல் 5.19. நார்த் கரோலினா 2025-இல் 4.25, 2026-இல் 3.99. நியூ ஹாம்ப்ஷயரில் வட்டி, டிவிடெண்ட் மீதான டேக்ஸ் 2025 முதல் இல்லை. கடைசித் தேதியும் எல்லா இடத்திலும் ஏப்ரல் 15 இல்லை. வர்ஜீனியாவுக்கு மே 1, லூசியானாவுக்கு மே 15. ரேட்டை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். கிளையன்ட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்.

உண்மையான வேலை ‘கன்ஃபார்மிட்டி’யில் இருக்கிறது. ஃபெடரல் சட்டம் மாறினால் சில ஸ்டேட்டுகள் தானாகவே பின்தொடரும். சில ஸ்டேட்டுகள் ஒரு குறிப்பிட்ட தேதியில் இருந்த சட்டத்தோடு நின்றுவிடும். கலிஃபோர்னியா வெகுகாலம் 2015 ஜனவரி 1-இல் இருந்த ஃபெடரல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2025-இல்தான் அந்தத் தேதியை 2025 ஜனவரி 1-க்கு நகர்த்தினார்கள். ஆனால் டிப்ஸுக்கு 25,000 டாலர் வரையிலும் ஓவர்டைமுக்கு 12,500 டாலர் வரையிலும் கழிவு தருகிற ஃபெடரல் சட்டம் கையெழுத்தானது 2025 ஜூலை 4. தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. அந்தக் கழிவுகள் அட்ஜஸ்டட் கிராஸ் இன்கம் என்ற வரிக்குக் கீழே வருபவை. அந்த வரியிலிருந்து கணக்கைத் தொடங்கும் ஸ்டேட்டுகளில், தனியாகச் சட்டம் போடாத வரை அவை கிடைக்காது. ஃபெடரல் டேக்ஸபிள் இன்கமிலிருந்து தொடங்கும் ஸ்டேட் என்றால் கதை வேறு. உங்கள் ஒரு பக்கக் குறிப்பில் ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் எதிரே எந்த வரியிலிருந்து தொடங்குகிறது, எந்தத் தேதியோடு நிற்கிறது என்ற இரண்டையும் எழுதுங்கள். டீமில் இந்தக் குறிப்பை வைத்திருப்பவரிடம்தான் மற்றவர்கள் கேட்க வருவார்கள். மேனேஜர் அதைக் கவனிப்பார்.

4. வாட்ஸ்அப்பில் டபிள்யூ-2 வாங்காதீர்கள்

நம் ஆட்களிடம் இதுதான் பெரிய ஓட்டை. கிளையன்ட் சோபாவில் உட்கார்ந்தபடி டபிள்யூ-2-வைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார். அந்தப் படம் அவர் ஃபோனில், உங்கள் ஃபோனில், இரண்டு பேருடைய கிளவுட் பேக்கப்பில், பிள்ளைகள் விளையாடும் டேப்லட்டில் என்று பரவிவிடும். எஸ்எஸ்என், முகவரி, சம்பளம் மூன்றும் ஒரே படத்தில். ஒருவர் பெயரில் பொய் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டைத் திருட இதற்கு மேல் அதிகம் தேவைப்படாது.

பதிலை இப்போதே டைப் செய்து வையுங்கள்: “அண்ணா, இதை இரண்டு பக்கமும் டெலீட் பண்ணிடலாம். போர்ட்டல் லிங்க் அனுப்பியிருக்கேன், அதுல அப்லோட் பண்ணுங்க.” முதல் தடவை சலித்துக்கொள்வார். இரண்டாவது வருடம் அதையே சொல்லி நண்பர்களிடம் உங்களைப் பரிந்துரைப்பார். அப்படியே ஐஆர்எஸ் தரும் ஆறு இலக்க ஐபி பின்னையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த எண் இல்லாமல் வேறொருவர் அவர் பெயரில் இ-ஃபைல் செய்ய முடியாது.

5. புதுக் கிளையன்ட் மெயிலைச் சந்தேகியுங்கள்

பிப்ரவரியில் வரும். “என் பழைய அக்கவுண்டண்ட் ரிட்டயர் ஆகிவிட்டார், உங்களால் என் ரிட்டர்னை எடுத்துக்கொள்ள முடியுமா?” என்று மரியாதையாக எழுதியிருப்பார்கள். நீங்கள் பதில் போட்டதும் ‘போன வருட ரிட்டர்ன்’ என்று ஒரு ஃபைலோ லிங்கோ வரும். திறந்தால் உங்கள் சிஸ்டம் அவர்கள் கையில். ஐஆர்எஸ் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் மோசடி இது. தெரியாதவரிடம் முதலில் ஃபோனில் பேசுங்கள், பிறகு உங்கள் போர்ட்டலுக்கு வரச் சொல்லுங்கள். அவசரப்படுத்துகிறவர் கிளையன்ட்டாக இருக்க வாய்ப்பு குறைவு.

சீசனில் வாரம் ஒரு முறை உங்கள் ஈஃபின் (இ-ஃபைல் எண்), பிடின் (ப்ரிப்பேரர் எண்) கணக்குகளைத் திறந்து எத்தனை ரிட்டர்ன் போயிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் போட்டதைவிட அதிகமாகக் காட்டினால் யாரோ உங்கள் எண்ணைப் பயன்படுத்துகிறார்கள்.

6. விஸ்ப் எழுதுங்கள், நீங்கள் ஒருவரே ஆபீஸாக இருந்தாலும்

விஸ்ப் என்பது எழுத்து வடிவிலான தகவல் பாதுகாப்புத் திட்டம். ஃபெடரல் டிரேட் கமிஷனின் சேஃப்கார்ட்ஸ் விதிப்படி ஒவ்வொரு ப்ரிப்பேரருக்கும் அது கட்டாயம். கிளையன்ட் டேட்டா இருக்கும் சிஸ்டங்களுக்கு எம்எஃப்ஏவும் கட்டாயம். ஆபீஸ் சின்னது என்று இதிலிருந்து தப்ப முடியாது. பிடின் புதுப்பிக்கும்போது இந்தப் பொறுப்பு தெரியும் என்று நீங்களே டிக் செய்கிறீர்கள், படிக்காமல் டிக் செய்யாதீர்கள். மாதிரி வேண்டுமென்றால் ஐஆர்எஸ் பப்ளிகேஷன் 5708 இருக்கிறது. அதை அப்படியே பெயர் மாற்றி வைப்பதில் பயனில்லை. எந்த லேப்டாப்பில் யாருக்கு அனுமதி, வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டை அன்றே யார் நிறுத்துவது, பேக்கப் எங்கே என்று உங்கள் ஆபீஸை எழுதுங்கள்.

இங்கேயும் ஸ்டேட் வந்து நிற்கிறது. டேட்டா திருட்டை அறிவிக்கும் சட்டம் 50 ஸ்டேட்டுகளிலும் உண்டு. எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைக் கிளையன்ட் குடியிருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது. உங்கள் ஆபீஸ் டாலஸில் இருந்தாலும், ஒரு கிளையன்ட் பாஸ்டனில் இருந்தால் மாசசூசெட்ஸ் விதி உங்களைத் தேடி வரும். நியூயார்க்கில் இருந்தால் அவருக்கு 30 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டால் டிரேட் கமிஷனுக்கும் 30 நாளுக்குள். எது நடந்தாலும் முதல் அழைப்பு ஐஆர்எஸ் ஸ்டேக்ஹோல்டர் லையசனுக்கு. சீக்கிரம் சொன்னால் கிளையன்ட்டுகள் பெயரில் வரும் பொய் ரிட்டர்ன்களை அவர்களால் தடுக்க முடியும். ஆகவே கிளையன்ட் பட்டியலில் ‘குடியிருக்கும் ஸ்டேட்’ என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

7. சென்னையில் இருப்பவர்களுக்கு

செக்‌ஷன் 7216-ஐக் கட்டாயம் படியுங்கள். 1040 கிளையன்ட்டின் தகவலை வெளிநாட்டில் இருப்பவரிடம் தர அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். எஸ்எஸ்என்னையும் பொதுவாக மறைத்துத்தான் அனுப்ப வேண்டும். மறைக்காமல் அனுப்ப வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் விதி கேட்கும் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்க வேண்டும். மீறுவது குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். உங்கள் ஸ்கிரீனில் முழு எஸ்எஸ்என் தெரிந்தால், சம்மதப் படிவம் ஃபைலில் இருக்கிறதா என்று டீம் லீடிடம் மெயிலில் கேளுங்கள். வாய்வார்த்தையில் வேண்டாம். அது உங்களுக்கும் பாதுகாப்பு.

பேட்டியில் “யுஎஸ் டேக்ஸ் நல்லா தெரியும்” என்று சொல்லாதீர்கள். “ஐடி-203-யும் நியூஜெர்சி ரெசிடென்ட் ரிட்டர்னும் சேர்ந்து வரும் கேஸ்களை நானே முடிப்பேன், 7216 சம்மதத்தைச் சரிபார்த்த பிறகுதான் ஃபைலைத் திறப்பேன்” என்று சொல்லுங்கள். ரெஸ்யூமேயிலும் ஸ்டேட்டுகளின் பெயர்களையே எழுதுங்கள்.

சீசன் முடிந்ததும் என்ரோல்ட் ஏஜென்ட் தேர்வு. மே மாதம் தொடங்கி பிப்ரவரி வரை எழுதலாம். மூன்று பார்ட், ஒவ்வொன்றிலும் 100 கேள்வி. ஏப்ரல் கணக்குகள் மனதில் ஈரமாக இருக்கும்போதே தனிநபர் பார்ட்டை முடித்துவிடுங்கள். தேர்வுக்குப் பதிவு செய்ய பிடின் வேண்டும். எஸ்எஸ்என் இல்லாத இந்தியர்கள் அதற்கு ஃபார்ம் 8946-ஐச் சேர்த்து அனுப்ப வேண்டும், ஆவணங்களுக்கு நாள் பிடிக்கும். மார்ச்சிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.